பாரம் ஏற்றினால் பின்பக்கம் குந்துகிற ஜீப்பை நிமிர்த்துவது எப்படி?

நல்லூர்க் கொடியேற்றம் நெருங்கும் நாட்களில் கண்டி வீதியில் வடக்கே வருகிற ஜீப்புகளைக் கவனித்துப் பாருங்கள். உள்ளே ஏழு பேர், எட்டு சூட்கேஸ், கூரையில் தார்ப்பாய் போட்டுக் கட்டிய மூட்டை. முன்பக்கம் மேலே நிமிர்ந்திருக்கும், பின்பக்கம் குந்தியிருக்கும், இரவென்றால் ஹெட்லைட் வெளிச்சம் நேராக எதிரே வருகிறவரின் கண்ணுக்குள் போகும். என்னுடைய 1996ஆம் ஆண்டு மொண்டேரோவும் சில வருடம் இப்படித்தான் ஓடியது. கட்டுநாயக்காவுக்கு ஆட்களை ஏற்றி இறக்குவதும், திரும்பப் போகும்போது கறுத்தக்கொழும்பான் மாம்பழப் பெட்டிகளும் வெங்காய மூட்டைகளும் கொண்டுபோவதும் அதன் வேலை. அதைச் சரியாக நிமிர்த்துவதற்குள் இரண்டு தரம் வீண் காசு செலவழித்தேன், ஒரு தரம் நடுவழியில் நின்றேன். அதே பாதையில் நீங்களும் போகவேண்டாம் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதல் வீண் செலவு சொக் அப்சோர்பர். "சொக் போச்சு அண்ணை, அதுதான் பதியுது" என்று ஒரு கராச்சில் சொன்னார்கள், நானும் நம்பிப் பின்பக்கம் இரண்டையும் புதிதாகப் போட்டேன். ஆட்டம் குறைந்தது உண்மை, ஆனால் உயரம் ஒரு விரல்கூட ஏறவில்லை. சொக்கின் வேலை ஸ்பிரிங் மேலும் கீழும் குதிப்பதை அடக்குவது மட்டும்தான், பாரத்தைத் தாங்குவது ஸ்பிரிங். காஸ் அடைத்த சொக் மிகக் கொஞ்சம் தூக்கும், அது கணக்கில் சேராத அளவு. ஆகவே பின்பக்கம் குந்துகிறது என்று போனதும் யாராவது முதல் வார்த்தையாகச் சொக்கைச் சொன்னால், அவர் குனிந்து ஸ்பிரிங்கைப் பார்த்தாரா என்று கேளுங்கள்.

இரண்டாவது இன்னும் மோசம். கொயில் ஸ்பிரிங்கின் சுற்றுகளுக்கு இடையில் கட்டி ரப்பர் துண்டுகளைச் செருகிவிட்டார்கள். உயரம் உடனே வந்துவிட்டது, மனதுக்கும் சந்தோஷமாக இருந்தது. ஆனால் ரப்பர் பிடித்திருக்கிற சுற்று அசையாமல் நிற்க, மற்றச் சுற்றுகள்தான் எல்லா அசைவையும் வாங்குகின்றன. எனக்கு மாங்குளம் தாண்டியதும் பின்னால் ஒரு வெடிச்சத்தம், இடது பக்கம் அப்படியே கீழே குந்திவிட்டது. கழற்றிப் பார்த்தபோது அடிச்சுற்று, ஏற்கெனவே துருப்பிடித்து மெலிந்திருந்த இடத்தில் உடைந்திருந்தது. அந்த ரப்பர் துண்டை அவசரத்துக்குக்கூடப் போடாதீர்கள். ஸ்பிரிங்கை வெல்டிங் தீயில் சூடாக்கி இழுத்து நீட்டிக் கொடுப்பதாகச் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். அதையும் செய்யவேண்டாம், சூடு பட்ட இரும்பு பதத்தை இழந்து சில மாதத்தில் முன்பைவிட அதிகமாக இறங்கிவிடும்.

முதலில் அளவெடுங்கள்

ஒரு அளவுநாடாவும் சமதரையும் போதும். சில்லின் நடு மையத்திலிருந்து நேர் மேலே மட்காட்டின் விளிம்பு வரை அளக்கவேண்டும். தரையிலிருந்து அளந்தால் ரயரின் காற்றும் தேய்மானமும் கணக்கைக் குழப்பும். நாலு மூலையும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள், டாங்கியில் எவ்வளவு டீசல் இருக்கிறது என்றும் எழுதுங்கள், ஏனென்றால் 90 லீற்றர் டீசல் மட்டும் ஏறக்குறைய 75 கிலோ வரும். ஒவ்வொரு முறையும் அளக்கும் முன் பம்பரை இரண்டு மூன்று தரம் அமுக்கி விடுங்கள், இல்லாவிட்டால் இணைப்புகளில் உள்ள ரப்பர் புஷ்களின் இறுக்கத்தால் ஸ்பிரிங் தன் இடத்துக்கு வராமல் நிற்கும்.

வெறும் வாகனமாக நிற்கும்போதே பின்பக்கம் முன்பக்கத்தைவிடப் பதிந்திருந்தால் ஸ்பிரிங் களைத்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம். அதே மொடலில் நல்ல நிலையில் உள்ள ஒன்றை யாராவது வைத்திருந்தால் அதையும் அளந்து ஒப்பிடுங்கள், ஊரில் ஒரே மொடல் ஜீப் நாலைந்தாவது கிடைக்கும். வெறும் வாகனம் சரியாக நின்று, பாரம் ஏற்றும்போது மட்டும் குந்தினால் ஸ்பிரிங் பழுதில்லை, உங்கள் பாரத்துக்கு அது போதாது. இந்த இரண்டுக்கும் வைத்தியம் வேறு. இடதும் வலதும் 15 மில்லிமீற்றருக்கு மேல் வித்தியாசப்பட்டால் முதலில் டோர்ச்சை எடுத்துக்கொண்டு கீழே படுத்து, அடிச்சுற்று உடைந்திருக்கிறதா என்று பாருங்கள். உடைந்த துண்டு, ஸ்பிரிங்கின் அடி உட்காருகிற கிண்ணத்துக்குள்ளேயே இருக்கும், லேசில் தெரியாது.

இனி சீமெந்துப் பை வைத்து ஒரு பரிசோதனை. 50 கிலோ பை இரண்டைப் பின் அக்சிலுக்கு நேர் மேலே, நடுவில் வையுங்கள், பம்பரை அமுக்கிவிட்டுத் திரும்ப அளங்கள். என்னுடையதில் 20 மில்லிமீற்றர் இறங்கியது. 100 கிலோ இரண்டு ஸ்பிரிங்குக்கும் பிரிந்தால் ஒன்றுக்கு 50, அதை 20ஆல் பிரித்தால் ஒரு ஸ்பிரிங் மில்லிமீற்றருக்கு 2.5 கிலோ தாங்குகிறது என்று கணக்கு. 300 கிலோ பின்னால் ஏறினால் 60 மில்லிமீற்றர் இறங்கும். 30 சதவீதம் கூடுதல் விறைப்பான ஸ்பிரிங் போட்டால் அதே 300 கிலோவுக்கு 46 மில்லிமீற்றர்தான் இறங்கும். இந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு கடைக்குப் போனால், "இதைவிட உயரமானது இருக்குது" என்கிற பேச்சில் மயங்காமல் உங்களுக்குத் தேவையானதைக் கேட்டு வாங்கலாம்.

பாரம் எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். அக்சிலுக்கு ஒரு மீற்றர் பின்னால் டிக்கிக் கதவோடு ஒட்டி 100 கிலோ வைத்தால், முன் பின் சில்லுகளுக்கு இடைத்தூரம் 2.7 மீற்றர் உள்ள ஜீப்பில் பின் அக்சிலுக்கு 137 கிலோ ஏறுகிறது, முன் அக்சிலில் 37 கிலோ குறைகிறது. ஸ்டியரிங் லேசாகிப் போவதும் ஹெட்லைட் தூக்குவதும் அதனால்தான். ஆகவே எதையும் வாங்குவதற்கு முன், அரிசி மூட்டையை நடு சீற்றின் காலடிக்குக் கொண்டுவந்து, லேசான பையைப் பின்னால் தள்ளி ஒருதரம் அளந்து பாருங்கள். எனக்கு இதிலேயே ஒரு விரல் அளவு மீண்டது.

எதைப் போடுவது

பின்பக்கம் கொயில் உள்ள ஜீப்புக்கு, அதாவது பழைய மொண்டேரோ, பிராடோ போன்றவற்றுக்கு, என் முதல் விருப்பம் பாரத்துக்கென்று செய்த புதிய கொயில். ஓல்ட் மேன் ஈமு போன்ற அவுஸ்திரேலியக் கம்பனிகள் ஒரே ஜீப்புக்குச் சாதாரண பாரம், நிரந்தரமாக இத்தனை கிலோ என்று பல அளவில் செய்கின்றன. நிரந்தரம் என்ற சொல்லைக் கவனியுங்கள். 400 கிலோவுக்கான கொயிலைப் போட்டுவிட்டுக் கிழமை நாளில் தனியாகக் கந்தோருக்கு ஓடினால் பின்பக்கம் தூக்கி நிற்கும், பள்ளத்தில் விழும்போது முதுகெலும்பு சொல்லும். வருடம் முழுவதும் பாரம் ஏற்றுகிறவருக்கு அது சரி. மற்றவர்கள் ஒரு படி குறைத்து எடுங்கள்.

கொழும்பு பஞ்சிகாவத்தையிலிருந்து ரீகண்டிஷன் கொயில் எடுத்துப் பஸ்ஸில் போட்டுவிடச் சொல்வது எங்களூர்ப் பழக்கம். எஞ்சினுக்கும் கியர் பொக்ஸுக்கும் அது நல்ல வழி, கொயிலுக்கு இல்லை. அதுவும் உங்களுடையதைப்போல ஓடிக் களைத்ததுதான். வாங்கியே ஆகவேண்டும் என்றால் இரண்டையும் பக்கத்தில் நிறுத்தி உயரம் பாருங்கள், சுற்றில் உள்ள பெயின்ற் நிறக் கோடுகளையும் பாருங்கள், அது விறைப்பைக் குறிக்கிற அடையாளம். சில மொடல்களில் இடதுக்கும் வலதுக்கும் வேறு வேறு நிறம் வரும், மாறிப் போட்டுவிட்டால் வாகனம் ஒரு பக்கம் சாயும். கம்பியின் தடிப்பையும் அளங்கள். தடிப்பு 10 சதவீதம் கூடினாலே விறைப்பு 46 சதவீதம் கூடும், கண்ணால் பார்த்தால் அந்த வித்தியாசம் தெரியாது.

வருடத்தில் நாலைந்து தரம்தான் பாரம் என்றால் கொயிலுக்குள் செருகுகிற காற்றுப்பை நல்லது. ஏர்லிஃப்ட், ஃபயர்ஸ்டோன், பொலிஏர் என்று பல பெயரில் வரும். கொயில் களைத்திருந்தால் முதலில் கொயிலை மாற்றவேண்டும், காற்றுப்பை அதற்கு மாற்றீடு இல்லை. நல்ல கொயிலுக்குத் துணையாகத்தான் அது. அதன் வால்வும் ரயர் வால்வும் ஒன்றுதான், உள்ளே இடம் மிகக் குறைவு என்பதால் சைக்கிள் பம்பாலேயே அடித்துவிடலாம், பெரிய கொம்ப்ரஸரில் அடித்தால் ஒரு நொடியில் அளவு தாண்டிவிடும். பல கிற்றுகளில் வெறும் ஓட்டத்துக்குக் குறைந்தது 5 பிஎஸ்ஐ, உச்சம் 35, உங்கள் கிற்றின் தாளில் உள்ளதைப் பாருங்கள். 5க்குக் கீழே விட்டால் பை மடிந்து கொயிலில் உரசி ஓட்டையாகும். இடதுக்கும் வலதுக்கும் தனித்தனிக் குழாய், தனித்தனி வால்வு வையுங்கள். ஒரே குழாயில் இணைத்தால் வளைவில் பாரம் சாய்கிற பக்கத்துக் காற்று மற்றப் பக்கம் ஓடி, வாகனம் இன்னும் சாயும். சைலன்சர் குழாயிலிருந்து ஒரு சாண் தள்ளிக் குழாயைக் கொண்டுபோங்கள். பை வெடித்தாலும் ஸ்பிரிங் இருக்கிறது, குந்தினபடியே மெதுவாக வீடு வந்து சேரலாம்.

ஸ்பிரிங்குக்கு மேலே வைக்கிற தடித்த ரப்பர் அல்லது பிளாஸ்ரிக் வளையம், ஸ்பேசர் என்பார்கள், உயரத்தை மட்டும் தரும், விறைப்பை மாற்றாது. முன்பு 60 மில்லிமீற்றர் இறங்கியது இப்போதும் 60 இறங்கும், மேலேயிருந்து இறங்கும், அவ்வளவுதான். கொயில் நல்ல நிலையில் இருந்து 20, 30 மில்லிமீற்றர் மட்டும் தேவை என்றால் போடலாம். 2000த்துக்குப் பிந்திய மொண்டேரோ போலப் பின் சில்லுகள் தனித்தனியாக அசைகிற ஜீப்பில் கவனம், அங்கே ஸ்பிரிங் சில்லுக்கு உட்பக்கமாக இருப்பதால் 20 வைத்தால் 20க்கும் மேலே தூக்கும், சில்லின் சாய்வும் மாறும், வீல் அலைன்மென்ற் கட்டாயம்.

ஹைலக்ஸ் போன்ற டபிள் கப்பில் தகட்டு ஸ்பிரிங். ஒரு தகடு சேர்ப்பது பழைய நம்பகமான வழி, ஒரே தடிப்பும் நீளமும் உள்ள நாலு தகட்டோடு அதேபோன்ற ஐந்தாவதைச் சேர்த்தால் விறைப்பு கால்வாசி கூடும். தகட்டின் முனையைச் செசியோடு இணைக்கிற ஷக்கிளை நீட்டினால் நீட்டியதில் பாதிதான் உயரம் கிடைக்கும். அக்சிலுக்கும் தகட்டுக்கும் இடையில் கட்டை வைத்துத் தூக்கினால் ஒரே கட்டை, ஒன்றின்மேல் ஒன்று அடுக்கவே கூடாது. தகட்டையும் அக்சிலையும் சேர்த்துப் பிடிக்கிற யூ போல்ட்டைக் கழற்றினால் புதியதுதான் போடவேண்டும், இழுபட்ட பழையது திரும்ப இறுகாது.

கொயில் மாற்றுகிற விதம்

பின் அக்சில் ஒரே தண்டாக இருக்கிற ஜீப்புக்கு இதைச் சொல்கிறேன். எங்கள் செம்மண் தரையில் ஜக் புதையும், அடியில் தடித்த பனம் பலகை வையுங்கள். ஜக்கை மட்டும் நம்பிக் கீழே படுக்காதீர்கள், சீமெந்துக் கல்லை அடுக்கியும் படுக்காதீர்கள், உள்ளே பொந்துள்ள கல் முன்னறிவிப்பில்லாமல் நொறுங்கும். இரும்பு ஸ்டாண்ட் இரண்டை இரவல் வாங்கியாவது கொண்டுவாருங்கள்.

முன் சில்லுகளுக்குக் கட்டை கொடுத்து, பின் சில்லு நட்டுகளைத் தரையில் நிற்கும்போதே லேசாக இளக்கி, டிஃபரென்ஷலில் ஜக் வைத்துத் தூக்கி, செசியின் இரு பக்கமும் ஸ்டாண்ட் வையுங்கள். சில்லுகளைக் கழற்றுங்கள். இனி ஜக் அக்சிலைத் தாங்கியபடி நிற்கட்டும். சொக்கின் அடிப் போல்ட், ஸ்டெபிலைசர் பார் இணைப்பு, பிரேக் ஹோஸைப் பிடித்திருக்கிற கிளிப், ஏபிஎஸ் வயர் கிளிப் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, ஜக்கை மிக மெதுவாக இறக்குங்கள். ஒரு கண் பிரேக் ஹோஸில் இருக்கட்டும், அது விறைத்துக்கொண்டு வந்தால் அங்கேயே நிறுத்துங்கள். அக்சில் ஒருநாளும் ஹோஸில் தொங்கக்கூடாது. கொயில் தளர்ந்ததும் கையால் எடுத்துவிடலாம், கம்பியால் நெம்பவேண்டிய நிலை வந்தால் எதையோ கழற்ற மறந்துவிட்டீர்கள்.

கிண்ணத்தைத் தேய்த்துத் துப்புரவாக்கி, துருவைச் சுரண்டி, பெயின்ற் அடித்துக் காயவிட்டு, புதிய ரப்பர் வையுங்கள். கொயிலின் வால்முனை கிண்ணத்தில் உள்ள பள்ளத்தில் சரியாக இருக்கவேண்டும், இது பிசகினால் வாகனம் ஒரு பக்கம் உயர்ந்து நிற்கும், காரணம் தேடி அலைவீர்கள். காற்றுப்பை போடுகிறவர்கள் இந்தக் கட்டத்தில் அதைத் தட்டையாக்கிச் சுருட்டி உள்ளே விடலாம், கொயிலுக்கு நடுவில் பம்ப் ஸ்டொப், அதாவது அக்சில் மேலே இடிக்காமல் தடுக்கிற ரப்பர், இருந்தால் கிற்றின் தாளில் சொல்லியபடி அதைக் கழற்றவோ வெட்டவோ வேண்டிவரும். பிறகு அக்சிலைத் தூக்கி எல்லாவற்றையும் திரும்பப் பூட்டுங்கள், ஆனால் ரப்பர் புஷ் உள்ள போல்ட்டுகளைச் சில்லு தரையில் பட்டுப் பாரம் ஏறிய பிறகுதான் கடைசியாக இறுக்கவேண்டும். தொங்கிய நிலையில் இறுக்கினால் ரப்பர் எப்போதும் முறுக்கிக்கொண்டே இருந்து சீக்கிரம் கிழியும். வவுனியா வரை ஒருதரம் போய்வந்து எல்லா நட்டையும் மறுபடி பாருங்கள்.

தூக்கியபின் மறக்கிற விஷயம்

இதைத்தான் நான் எல்லாவற்றையும்விட அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். பல யப்பானிய ஜீப்புகளிலும் டபிள் கப்பிலும் பின் அக்சிலுக்கும் செசிக்கும் இடையில் மெல்லிய தண்டோ ஸ்பிரிங்கோ ஓடி ஒரு பிரேக் வால்வில் முடியும். பின்பக்கம் பதிந்தால் "பாரம் இருக்கிறது" என்று புரிந்துகொண்டு பின் பிரேக்குக்குக் கூடுதல் அழுத்தம் விடுவது அதன் வேலை. நீங்கள் பின்பக்கத்தைத் தூக்கிவிட்டால், 600 கிலோ ஏற்றியிருந்தாலும் வாகனம் வெறுமை என்று அது நினைக்கும், பின் பிரேக் குறையும், நிற்கிற தூரம் கூடும். உங்கள் ஜீப்பில் அது இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். இருந்தால் தூக்கிய அளவுக்குத் தண்டின் பிடியையும் உயர்த்தி, பிரேக் தெரிந்த ஒருவரிடம் காட்டிச் சரிசெய்த பிறகுதான் பாரம் ஏற்றவேண்டும்.

ஹெட்லைட்டையும் திரும்பச் சரிசெய்யுங்கள். பிராடோ போல அக்சிலைக் குறுக்கே பிடிக்கிற தண்டு உள்ளவற்றில், தூக்கியதும் அக்சில் சில மில்லிமீற்றர் ஒரு பக்கம் நகரும். தூக்கிய உயரம் 30 மில்லிமீற்றர் வரை என்றால் கவலைப்படத் தேவையில்லை, அதற்கு மேல் என்றால் நீளம் மாற்றக்கூடிய தண்டு தேவைப்படும். பின் ரயர் காற்று, கதவுத் தூணில் ஒட்டியிருக்கிற தாளில் முழுப் பாரத்துக்கு என்ன போட்டிருக்கிறதோ அது.

அந்தத் தாளோ கைநூலோ சொல்கிற மொத்த எடை, ஸ்பிரிங் மாற்றியதால் ஒரு கிலோவும் கூடாது. அக்சில், பெயரிங், பிரேக், ரயர் எல்லாம் பழையதுதான். மொத்த எடை 2,600, வெறும் எடை 2,000 என்றால் ஏற்றக்கூடியது 600. ஆளுக்கு 65 என்று ஏழு பேர் 455, 23 கிலோ சூட்கேஸ் எட்டு 184, ஆக 639. அப்போதே தாண்டிவிட்டது, இதில் கூரை கரியரின் எடையைச் சேர்க்கவும் இல்லை. சூட்கேஸ் இரண்டைப் பஸ்ஸில் போட்டுவிடுங்கள்.

கடலுக்குப் பக்கத்தில் இருக்கிற எங்களுக்கு இன்னொன்று. பண்ணைப் பாலத்தால் தீவுப்பக்கம் அடிக்கடி ஓடுகிறவர்களின் கொயில் அடிக்கிண்ணத்தில்தான் உப்பு மண் தேங்கும், என்னுடையது உடைந்த இடமும் அதுதான். கிழமைக்கு ஒருதரம் அடிப்பக்கத்தைக் கழுவுங்கள், ஆனால் உவர்க் கிணற்றுத் தண்ணீரால் கழுவினால் உப்பின்மேல் உப்புத்தான். நல்ல தண்ணீர்க் கிணறு உள்ள வீட்டிலோ சேவிஸ் ஸ்டேஷனிலோ தண்ணீரின் சுவை கேட்டு விட்டுக் கழுவுங்கள்.

முதல் முழுப்பாரப் பயணத்தில் முறிகண்டியில் எப்படியும் இறங்குவீர்கள்தானே. பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு, கடலை வாங்குகிற நேரத்தில் அளவுநாடாவை எடுத்துப் பின் இரு பக்கமும் அளங்கள். புறப்படும்போது எழுதிய அளவோடு ஐந்து மில்லிமீற்றருக்குள் நின்றால் வவுனியாவுக்குப் போகலாம். ஒரு பக்கம் மட்டும் இறங்கியிருந்தால் காற்றுப்பை கசிகிறதா, கொயில் கிண்ணத்திலிருந்து விலகியதா என்று அங்கேயே பாருங்கள். அங்கே வெளிச்சமும் ஆட்களும் உண்டு, மாங்குளம் காட்டுக்குள் நான் நின்ற இடத்தில் இரண்டும் இருக்கவில்லை.